மூடிய சுரங்க நிலத்தை மேய்ச்சலுக்கு ஏற்றுக்கொள்ளலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

செந்துறைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கல் எடுத்து முடித்த பகுதியில் களிமண்ணையும் மேல்மண்ணையும் கொட்டிச் சமப்படுத்திப் புல் விதைத்திருக்கிறார்கள். சுமார் 30 ஏக்கர். அதற்கப்புறம் மூன்று பருவமழை பார்த்தாயிற்று. தோண்டுவதற்கு முன்னால் அதில் பெரும்பகுதி ஊர் ஆடு மாடு மேய்ந்த இடம்.

இப்போது மேய்ச்சலுக்குத் திருப்பித் தருகிறோம், ஊர் சார்பில் திருப்தி என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் காட்டும் அறிக்கையில் ‘பசுமைப் பரப்பு 85 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. படங்களும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்லாமே மார்கழியில் எடுத்தவை. ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் கூடாது என்கிறார்கள். இரண்டு தரப்பாலும் காரணம் சொல்ல முடியவில்லை. நான் தாவரவியல் படித்தவன் என்பதால் நீ பார்த்துச் சொல் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் செம்மறி ஆடு இருக்கிறது, ஆனால் மேய்ச்சல் நிலத்தை அளந்து பார்த்த பழக்கம் எனக்கு இல்லை. எதை அளக்க வேண்டும், எப்போது அளக்க வேண்டும், எவ்வளவு இருந்தால் சரி என்று சொல்லலாம்?

கிடைக்காரர்:

ஆட்டை உள்ளே விட்டுப் பாருங்கள் தம்பி. பொழுது சாய்வதற்குள் வயிறு நிறைந்து அசைபோட்டுப் படுத்தால் நல்ல நிலம். சுற்றிச் சுற்றி அலைந்தால் மோசம். இதற்கு எதற்கு அளவும் கணக்கும்?

கொறங்காடு:

தம்பி, கையெழுத்தை இப்போது போடாதீர்கள். புல் மோசம் என்று சொல்லவில்லை, நான் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் மூன்று மழை மட்டுமே கண்ட நிலத்துக்கு மார்கழிப் படத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் காங்கயம் பக்கத்துப் பெண். இப்போது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் போவன் படுகை நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை. தோண்டி மூடிய நிலத்தில் மேய்ச்சல் திரும்பியிருக்கிறதா என்று அளப்பதுதான் என் பிழைப்பு. அங்கே மேய்ச்சலுக்கென்று பெரும்பாலும் விதைப்பது நம் கொழுக்கட்டைப் புல்தான். எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரத்தடியில் நிற்கிற அதே புல். அதனால் அந்தப் புல் எப்போது நிலத்தைப் பிடித்திருக்கிறது, எப்போது சும்மா பச்சை காட்டுகிறது என்பது எனக்கு இரண்டு நாட்டிலும் பார்த்துப் பழகிய விஷயம்.

கிடைக்காரர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. கடைசியில் ஆடு மாடு விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நாள் வயிறு நிறைவது மார்கழியில் எந்தத் தரிசிலும் நடக்கும். அந்த நிலம் வருடம் முழுக்க எத்தனை உருப்படியைத் தாங்கும், தாங்கிய பிறகும் மண் மண்ணாகவே இருக்குமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அந்த 85 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். எதில் 85 என்று எழுத்தில் கேளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது இலை மூடிய பரப்பா, அடித்தூர் பிடித்த பரப்பா? கொழுக்கட்டைப் புல் தூர்தூராக நிற்கும். மழைக்காலத்தில் இலை விரிந்து இடைவெளி முழுவதையும் மறைத்துவிடும். வைகாசியில் போய் நின்றால் தூருக்கும் தூருக்கும் நடுவே இரண்டு முழம் வெறும் மண் கிடக்கும். அடுத்த கோடை இடிமழை அந்த வெறும் மண்ணில்தான் விழப்போகிறது. ஆகவே நீங்கள் அளக்க வேண்டிய காலம் வைகாசி, ஆனி. பச்சை முழுவதும் வடிந்து, காய்ந்த தாளும் சருகும் மட்டும் மிச்சம் இருக்கும் நேரம். பவளப்பாறைக் கடலுக்குத் தண்ணீர் வடியும் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களுக்கும் வறட்சிப் பருவத்தின் கடைசியில் மண் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். 70 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்க வேண்டும் என்பது 2025க்கென்று அங்கே வைத்திருந்த இலக்கு. காய்ந்த புல்லும் சருகும் இதில் சேர்த்தி. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் எது தடுத்தாலும் அது கணக்கில் வரும்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செருப்பு நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நிலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையைப் பார்த்து நேராக நடங்கள். ஒவ்வொரு இரண்டாவது எட்டிலும் அந்தப் புள்ளி எதன் மேல் இருக்கிறது என்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லுங்கள். புல் தூர், சருகு, கல், வெறும் மண், களை, இவ்வளவுதான் வகை. ஒரு கோட்டில் 100 புள்ளி, அப்புறம் வேறு கோடு. நல்ல இடமாகப் பார்த்துக் காலை வைக்கக் கூடாது, அது மட்டும் முக்கியம். கோடு முள்ளுக்குள் போனால் முள்ளுக்குள்தான் போக வேண்டும். நிறுவனங்கள் எடுக்கும் படங்களில் பாதை ஓரம்தான் அதிகம் வரும், பாதை ஓரத்தில் தண்ணீர் வடிந்து புல் எப்போதும் செழிப்பாகவே இருக்கும்.

சரி, எண் வந்தது. அதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1977இல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தின் கீழ் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தோண்டாத பக்கத்து நிலம் ஒன்றை ஒப்பு நிலமாக வைத்துக்கொள்ளலாம். மேய்ச்சல் நிலமென்றால் மண் மூடிய அளவும் விளைச்சலும் இரண்டுமே பார்க்க வேண்டும், இரண்டும் நிர்ணயித்த அளவில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வருடத்துக்கு 26 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 660 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் பகுதியென்றால் நிறுவனத்தின் பொறுப்பு 5 வருடம், அதில் முதல் வருடம் தவிர ஏதாவது இரண்டு வருடம் அந்த அளவைத் தொட வேண்டும். அதற்குக் கீழே மழை என்றால் 10 வருடம், கடைசி இரண்டு வருடமும் அடுத்தடுத்துத் தொட வேண்டும். வழக்கமான பராமரிப்பைத் தாண்டி நடுவில் மறுபடி விதைத்தாலோ உரம் போட்டாலோ தண்ணீர் பாய்ச்சினாலோ வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மழை அளவை மட்டும் பார்த்தால் அரியலூர் 5 வருடப் பக்கம்தான் வரும். ஆனால் உங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வந்து முடிந்துவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. நானாக இருந்தால் வறண்ட பகுதிக்குரிய கண்டிப்பைத்தான் கேட்பேன், மழை பொய்த்த ஒரு வருடமாவது உள்ளே வர வேண்டும் என்றும் சொல்வேன்.

மூன்றே மழையை வைத்துத் தீர்ப்புக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. மண்ணைப் புரட்டிப் போட்டால் அதிலிருக்கும் மக்கு வேகமாகச் சிதைந்து தழைச்சத்து தாராளமாக வெளியே வரும். விதைக்கும்போது போட்ட உரமும் கூடச் சேரும். புல் திமுதிமுவென்று வளரும், எல்லோரும் படம் எடுப்பார்கள். சில வருடத்தில் அந்தத் தழைச்சத்து முழுவதும் பழைய தூரிலும் வேரிலும் சருகிலும் போய் மாட்டிக்கொள்ளும். புல் சாகாது. ஆனால் வெளிறிப்போகும், தாள் தடித்து இலை குறையும். குயின்ஸ்லாந்தில் சுரங்கமே இல்லாத கொழுக்கட்டைப் புல் காடுகளிலும் இந்த இறக்கம் பெரிய தலைவலி. தாங்கும் நிலமா என்பது இந்த இறக்கத்துக்குப் பிறகுதான் தெரியும். கூடவே பயறுவகைச் செடி இருந்தால் இறக்கம் குறையும். முயல் மசால், வேலி மசால், சங்குப்பூ, இந்த மூன்றையும் அங்கேயும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் நிலத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மழைக்காலத்தில் வேரோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செடி நிற்கிறது, சத்து சேரவில்லை.

அப்புறம் மண்ணைத் தோண்டாமல் வராதீர்கள். ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி. குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் மெல்லச் சுரண்டி வேர் எங்கே போகிறது என்று பாருங்கள். டம்பர் லாரி ஓடி இறுகிய மண்ணாக இருந்தால் வேர் ஒரு சாண் இறங்கி அங்கேயே மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். அந்தப் புல்லுக்கு மழை பெய்தால்தான் உயிர், அடியில் சேமிப்பே கிடையாது. மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் இந்த மடங்கிய வேரைக் கண்டால் நான் தேர்ச்சி போட மாட்டேன்.

அதே குழியின் அடியிலிருந்து பட்டாணி அளவில் காய்ந்த மண்கட்டி ஒன்று எடுத்து, கண்ணாடி டம்ளரில் பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், அமிலம் அல்ல) ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. கட்டி உதிர்ந்து அப்படியே குவிந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் மங்கல் படர்ந்தால் அது சோடியம் ஏறிய மண். மழை பட்டால் கரைந்து ஓடும், மேலே புல் இருக்கும்போதே அடியில் பொந்து விழும். போவன் படுகையில் எங்களுக்குப் பெரிய எதிரி இதுதான். சுண்ணாம்புக்கல் பகுதிதானே, கால்சியம் கொட்டிக் கிடக்கிறதே என்று உங்களிடம் சொல்வார்கள். அந்த மாதிரிக் கார மண்ணில் சுண்ணாம்புக்கல் கரைவது மிகமிகக் குறைவு. சோடியத்தை வெளியேற்றக் கரையும் கால்சியம் வேண்டும், அதற்கு ஜிப்சம்தான் போட வேண்டும்.

செந்துறைக்காரன்:

மிக்க நன்றி அக்கா. நேற்றே போய் முதல் சுற்று பார்த்துவிட்டேன், அப்பாவும் கூட வந்தார். வைகாசி பிறக்கக் காத்திருக்க முடியவில்லை.

செருப்புப் புள்ளியில் தூரும் சருகும் சேர்த்துப் பாதிக்கும் சற்று மேலே வருகிறது. அதில் நிறைய மயில்கொண்டைப் புல், கொஞ்சம் காக்காய்க்கால் புல். விதைத்ததாகச் சொன்ன கொழுக்கட்டைப் புல் மேட்டின் தெற்குச் சரிவில் மட்டும் தெளிவாக இருக்கிறது. பள்ளமான இடங்களில் சீமைக்கருவேல் இடுப்பளவு வந்துவிட்டது, ஓரமெல்லாம் பார்த்தீனியம். மேலிருந்து படம் எடுத்தால் இதெல்லாம் பச்சையாகத்தான் தெரியும். குழியில் வேர் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு சாணில் மடங்கியிருக்கிறது, ஆனால் எல்லாக் குழியிலும் இல்லை. தெற்குச் சரிவில் நன்றாக இறங்கியிருக்கிறது. டம்ளர் சோதனைக்குக் கட்டிகளைக் காயவைத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் மேய்ச்சல் நிலம் ஏரிக்கரை ஓரம்தான். அதை ஆடு மாடு மொட்டையாக மேய்ந்து வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் சுரங்க நிலம் சொர்க்கம் மாதிரித் தெரிகிறது. இது நியாயமான ஒப்பீடா? இன்னொன்று, எத்தனை ஆடு தாங்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

கால்நடை மருத்துவர், பணி ஓய்வு:

தம்பி, அந்த நிலத்தில் சூபாபுல் வரிசை நட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூடிய சுரங்கங்களில் வேகமாகப் பச்சை காட்ட அதை நடுவது உண்டு. தீவனம்தான், புரதம் அதிகம். ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. வேறு புல் இல்லாமல் செம்மறி அதையே தின்றால் ரோமம் கொட்டும், எடை இறங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் இந்த நஞ்சைச் செரிக்கும் நுண்ணுயிரை ஹவாயிலிருந்து கொண்டுவந்து மாட்டின் வயிற்றில் பரப்பினார்கள் என்று படித்திருக்கிறேன், அந்த அம்மா சரியாகச் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கே? பக்கத்தில் நீர் தேங்கிய சுரங்கக் குழிதான் என்றால், இறங்கிக் குடிக்கச் சரிவான வழி இருக்கிறதா, செங்குத்து விளிம்பில் வேலி இருக்கிறதா என்று பாருங்கள். புல் எவ்வளவு இருந்தாலும் இது இல்லாமல் மேய்ச்சல் நிலம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வெயிலில் ஆடு ஒதுங்க நிழலும் வேண்டும்.

கொறங்காடு:

ஐயா சொன்னது சரி. அந்த நுண்ணுயிரை 1980களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து கொண்டுவந்தார்கள். தண்ணீரும் விளிம்பு வேலியும் பற்றி ஐயா சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானது.

தம்பி, ஏரிக்கரை நியாயமான ஒப்பு நிலம் இல்லை. கெட்டுப்போன நிலத்தை அளவுகோலாக வைத்தால் கெட்டுப்போன நிலத்தைத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அதே ஏரிக்கரையில், அல்லது கோயில் நிலம், பள்ளி வளாகம் என்று ஏதாவது ஒன்றில், சுரங்க நிலத்தைப் போன்ற மண்ணும் சரிவும் உள்ள இடமாகப் பார்த்து மூன்று நான்கு துண்டுகளை முள்வேலி போட்டு அடையுங்கள். ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க ஆடு நுழையக் கூடாது. சுரங்க நிலத்திலும் அதே அளவில் துண்டுகள் அடைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் அறுத்து எடை போடுங்கள். மழை நல்ல வருடமா கெட்ட வருடமா என்ற வாதமே அப்போது எழாது, இரண்டுக்கும் ஒரே மழைதான்.

இனி ஆட்டுக் கணக்கு. பக்கத்துக்கு 50 செ.மீ. உள்ள சதுரச் சட்டம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை இரண்டு விரல் உயரம் விட்டு அறுங்கள். ஆடு தின்னும் புல் தனி, தின்னாத களை தனி. களையை எடையில் சேர்க்காதீர்கள். நன்றாகக் காயவைத்து எடை போட்டு, கிடைத்த கிராமை 40ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 25 இடமாவது அறுக்க வேண்டும். ஓரிடத்தில் 10 கிராம், இன்னோரிடத்தில் 150 கிராம் என்று தாறுமாறாக வந்தால் இன்னும் அதிக இடம் அறுங்கள். அப்போது சராசரியை மட்டும் எழுதாமல் நிலத்தைப் பிரித்து எழுதுங்கள். உங்கள் தெற்குச் சரிவு வேறு, மற்ற இடம் வேறு என்று இப்போதே தெரிகிறது.

உதாரணத்துக்குச் சராசரி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 2,000 கிலோ. 30 ஏக்கர் என்பது சுமார் 12 ஹெக்டேர், ஆக மொத்தம் 24,000 கிலோ. இதில் 30 சதவீதத்துக்கு மேல் மேயவிடக் கூடாது, மீதி மண்ணை மூடவும் புல் மறுபடி துளிர்க்கவும் வேண்டும். ஆக மேயக் கிடைப்பது 7,200 கிலோ. 30 கிலோ எடையுள்ள ஒரு செம்மறி நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு உலர் தீவனம் தின்னும், வருடத்துக்கு 365 கிலோ. ஆக அந்த 30 ஏக்கர் வருடம் முழுக்கத் தாங்குவது 20 ஆட்டை. மார்கழிப் படத்தைப் பார்த்து ஊரில் எத்தனை பேர் எத்தனை ஆட்டைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது சீமைக்கருவேலும் பார்த்தீனியமும்தான். பச்சை இருந்தும் தீவனம் இல்லாத நிலம் உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் மூடிய சுரங்கங்களில் ‘கென்டக்கி 31’ என்ற புல்லை ஏராளமாக விதைத்தார்கள். மண்ணை அருமையாகப் பிடிக்கும். ஆனால் அதற்குள் வாழும் ஒரு பூஞ்சையின் நஞ்சால் மேயும் மாட்டுக்கு உடல் சூடேறும், எடை ஏறாது. மயில்கொண்டைப் புல்லை ஆடு தின்னும், அது பரவாயில்லை. ஆனால் புரட்டிப் போட்ட மண்ணுக்குத் தானாக வந்து சேரும் புல் அது, அதை வைத்து விதைப்பு வெற்றி என்று சொல்ல முடியாது.

எழுத்தில் என்ன கேட்பது என்று சொல்கிறேன். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்க வேலை முடிந்ததும் அந்த நிலத்திலும் சுரங்கத்தால் கெட்ட மற்ற இடங்களிலும் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வாசகத்தில் சதவீதம் எதுவும் இல்லை. எனவே அந்த எண்ணை உங்கள் ஊர்தான் கடிதத்தில் வைக்க வேண்டும். ‘மறுக்கிறோம்’ என்று எழுதாதீர்கள், ‘இந்த நிபந்தனைகள் நிறைவேறியதும் ஏற்கிறோம்’ என்று எழுதுங்கள். ஆனி மாதத்தில் மண் 70 சதவீதம் மூடியிருக்க வேண்டும், வேலி அடைத்த ஒப்பு நிலத்தின் தீவன விளைச்சலில் 90 சதவீதமாவது வர வேண்டும், உரமோ நீரோ கொடுக்காத இரண்டு வருடம் அடுத்தடுத்து வர வேண்டும். வேர் மடங்கிய இடங்களைச் சமமட்டக் கோட்டில் ஆழமாகக் கீறி மறுபடி விதைக்க வேண்டும், சீமைக்கருவேலை வேரோடு எடுக்க வேண்டும். டம்ளரில் பால் மங்கல் தெரிந்தால் மண் பரிசோதனை செய்து ஜிப்சம் போட வேண்டும். அளக்கும்போது ஊர் ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

இதெல்லாம் தேறிய பிறகு கிடைக்காரர் அண்ணன் சொன்னது. கணக்கில் வந்த எண்ணிக்கையில் ஆட்டை விட்டு, தோண்டாத நிலத்தில் மேயும் அதே வயது ஆடுகளோடு மாதாமாதம் எடை ஒப்பிடுங்கள். குயின்ஸ்லாந்தில் அக்லாண்ட் சுரங்கத்தில் மாடுகளை வைத்து இப்படித்தான் பார்த்தார்கள். எங்கள் அப்பா கொறங்காட்டில் புல் விதை கொட்டும் வரை ஒரு பாத்தியை எப்போதும் அடைத்தே வைப்பார். நீங்களும் 30 ஏக்கரை நான்காகப் பிரித்து ஒன்றை மாற்றி மாற்றி அடைத்துவிடுங்கள், சோதனைக் காலத்திலேயே.

கிடைக்காரர்:

அந்த அம்மா சொன்ன 20 ஆட்டுக் கணக்கைப் பார்த்த பிறகு நான் முதலில் சொன்னது போதாது என்று ஒத்துக்கொள்கிறேன். எடை போடுகிற ஆடுகளில் ஈன்ற ஆட்டையும் சேருங்கள் தம்பி. தீவனம் குறைந்தால் முதலில் பால் வற்றும், குட்டி இளைக்கும், எடைக் கணக்கில் தெரிவதற்கு முன்னாலேயே அது தெரிந்துவிடும்.

செந்துறைக்காரன்:

கடிதத்தை இந்த மாதிரியே எழுதி ஊர்க் கூட்டத்தில் வைக்கிறேன். டம்ளர் முடிவு: தெற்குச் சரிவு மண் உதிர்ந்து நின்றுவிட்டது. பள்ளத்து மண் இரண்டும் நன்றாகவே மங்கலாகிவிட்டன. சதுரச் சட்டம் எங்கே கிடைக்கும் அக்கா?

கொறங்காடு:

வாங்க வேண்டாம் தம்பி. 6 மி.மீ. கம்பியில் ஊர் வெல்டிங் கடையிலேயே அடித்துத் தருவார்கள். 50 செ.மீ. என்பது உள்ளளவு, அதை மட்டும் நின்று பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கத்தைத் திறந்தே விடச் சொல்லுங்கள். மூன்று பக்கச் சட்டமாக இருந்தால் தூருக்குள் நுழைக்க வசதி, திறந்த பக்கத்தில் ஒரு குச்சியை வைத்து மூடிக்கொள்ளலாம். பள்ளத்து மண்ணை மண் பரிசோதனைக்கு அனுப்பும்போது உப்பு அளவோடு சோடியம் சதவீதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.